சந்தையின் விடுதலையும் மாந்தனின் விடுதலையும்

(மேநாளன்று இராசபாளையத்தில் நூற்பாலை, விசைத்தறித் தொழிலாளர் நடுவில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் சேர்த்து எண்ணும்போதெல்லாம் என் கண்முன் இரண்டு உயரங்கள் தோன்றும். ஒன்று கோபுரம், மற்றொன்று ஆலைப் புகைபோக்கி. தமிழ்நாட்டரசின் முத்திரையில் நிற்பது எங்கள் கோபுரமே என்று அவ்வூரார் பெருமை பேசுவர். 1936இல் இவ்வூரில் நூற்பாலை எழுந்தது முதல், பஞ்சும் நூலும் எங்களால்தாம் என்று இவ்வூரார் பெருமை பேசுவர். இரண்டையும் கட்டிய கைகள் எங்கே, அவற்றுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் மட்டும் இரண்டு ஊரிலும் விடை ஒன்றுதான்: அமைதி!

"இலக்கணம் நடத்தும் புலவருக்குப் பொருளியல் மேடையில் என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். உழைப்பவனிடமிருந்து முதலில் களவு போவது கூலியன்று, சொல். சொல்லைக் களவு கொடுத்தவன், கூலி களவு போவதைக் கூட 'வளர்ச்சி' என்று நம்பிக் கைதட்டுவான். ஆதலால் இது தமிழாசிரியன் பேச வேண்டிய செய்தியே.

சந்தை என்பது நம் சொல். நாம் நன்கறிந்த சொல். கிழமைக்கொரு நாள் கூடும் சந்தையில் கத்தரிக்காய் கொணர்ந்தவளும் அதை வாங்க வந்தவளும் எதிரெதிரே நிற்பர். ஒருத்தி சொல்வாள், மற்றவள் குறைத்துக் கேட்பாள். படிந்தால் வாங்குவாள்; படியாவிடின் அடுத்த கடைக்குப் போவாள். இத்தகைய சந்தையை எந்தப் பொதுவுடைமையனும் வெறுத்ததில்லை.

ஆனால் 'தடையிலாச் சந்தை' என்று இன்று நமக்குக் கற்பிக்கப்படுவது இதுவன்று. அது ஒரு கோட்பாடு. அக்கோட்பாட்டினர் சொல்வதை நேர்மையாகவே எடுத்துரைப்போம். "ஒவ்வொருவனும் தன் நலத்தைத் தேடட்டும், அரசு குறுக்கே நிற்க வேண்டா, விலையும் கூலியும் தாமே தம் இடத்தைக் கண்டுகொள்ளும், முடிவில் அனைவரும் நலம் பெறுவர்" என்பதே அவர்தம் கூற்று. ஆத்திரிய நாட்டில் பிறந்த ஆயக்கு என்பார் 1944இல் இதற்கொரு நூல் செய்தார். அமெரிக்கப் பொருளியலார் மில்ட்டன் பிரீடுமன் இதை உலகெங்கும் பரப்பினார். நம் நாட்டில் இதற்குக் கட்சி கண்டவர் இராசாசி. 1959இல் சென்னையில் அவர் தொடங்கிய 'சுதந்திரா'க் கட்சி, "இசைவாணை, உரிமம், பங்கீடு ஆகியவற்றின் ஆட்சி ஒழிக" என்று முழங்கிற்று. அம்முழக்கத்தில் ஓர் உண்மை இருந்ததை நாம் மறுக்க வேண்டியதில்லை. உரிமத்திற்காகக் கையூட்டு நடந்தது. அலுவலர் செருக்கும் இருந்தது. ஆனால் பூட்டில் துரு ஏறிவிட்டதென்று சொல்லிக் கதவையே கழற்றிக் கள்வனிடம் கொடுப்பது எவ்வாறு அறிவுடைமையாகும்?

அக்கட்சி 1974இல் வேறொரு கட்சியோடு கலந்து மறைந்தது. அதன் கொள்கையோ மறையவில்லை. 1991 சூலைத் திங்களில் அதனை எதிர்த்து வந்த காங்கிரசுக் கட்சியின் ஆட்சியே அதைக் கையிலெடுத்தது. அதற்குச் சூட்டிய பெயரைப் பாருங்கள்: 'தாராளமயம்'! தாராளம் என்றால் நம் மக்கள் அள்ளிக் கொடுக்கும் கையைத்தான் நினைப்பர். யார் யாருக்கு அள்ளிக் கொடுத்தனர் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் அச்சொல்லின் திறமை.

இனி, அடிப்படைக்கு வருவோம். உழைப்பு என்பது ஏனைய சரக்குகளைப் போன்றதா? பஞ்சு மூட்டையைக் கிடங்கில் அடுக்கி, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். உழைப்பைக் கிடங்கில் வைக்க இயலுமா? இன்று விற்காத என் உழைப்பு இன்று மாலையோடு அழிந்தது. அது மாலையில் வாடிப்போகும் மல்லிகையினும் மெல்லிய சரக்கு. வாங்குபவனுக்கோ அவசரமில்லை; விற்பவனுக்கோ வீட்டில் உலை கொதிக்கக் காத்திருக்கிறது. இதை நான் மார்க்சிடமிருந்து எடுத்துச் சொல்லவில்லை. சந்தைக் கோட்பாட்டினர் தம் முதலாசானாகப் போற்றும் ஆடம் சுமித்து 1776இல் எழுதிய நூலிலேயே, முதலாளிகள் வேலையாள் இன்றி ஓரிரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிப்பர், தொழிலாளருள் பலர் வேலையின்றி ஒரு கிழமையும் தாங்கார் என்னும் கருத்தைக் கூறிவிட்டார். ஆசானின் அந்தப் பக்கத்தை மட்டும் மாணாக்கர் ஒட்டி மறைத்துவிட்டனர்!

இவ்விடத்தில் என் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், பத்தாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி மாற்றுச் சான்றிதழ் பெற வந்தாள். செய்யுளை ஒருமுறை கேட்டாலே திருப்பிச் சொல்பவள். மேலே படிக்கவில்லையா என்றேன். "மில்லுக்குப் போறேங்கய்யா. மூணு வருசம் இருந்தா முடிவில மொத்தமாப் பணம் தருவாங்களாம். சுமங்கலித் திட்டமாம். சுமங்கலின்னா என்னங்கய்யா?" என்று கேட்டாள். நான் அது வடசொல் என்றேன். மங்கலம் உடையவள், கணவனோடு வாழ்பவள் என்று பொருள் கூறினேன். அவள் நாணிச் சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் ஆண்டில் அவள் திரும்பி வந்தாள். பஞ்சுத் துகள் படிந்து மூச்சிழுக்க இயலாத நிலை. மூன்றாண்டு முடியாததால் முடிவில் தருவதாகச் சொன்ன பணம் ஒரு காசும் இல்லை. எந்த ஆலை என்பது இங்கு வேண்டியதில்லை. மேற்கு மாவட்டங்களிலும் தென்மாவட்டங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் இம்முறைக்கு ஆட்பட்டது நாடறிந்த செய்தி. குறைந்த நாட்கூலி, ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியே செல்லத் தடை, முடிவில் ஒரு தொகை. இடையில் விலகினால் அத்தொகையும் இல்லை. இதுதான் அந்த மங்கலத்தின் உட்பொருள்.

அன்று நான் சொல்லுக்குப் பொருள் சொன்னேன். அதற்குள் இருந்த பொருளியலைச் சொல்லாமல் விட்டேன். ஆசிரியன் என்ற முறையில் அது என் குற்றம். இன்று இம்மேடையில் நிற்பதற்கு அதுவும் ஒரு கரணியம்.

இதற்குச் சந்தைக் கோட்பாட்டினர் கூறும் மறுமொழி என்ன? "அவளை யாரும் கட்டி இழுக்கவில்லை, அவளே கையெழுத்திட்டாள், அது இருவர் விடுதலையோடு செய்த உடன்பாடு" என்பர். வெள்ளத்தில் தத்தளிப்பவனிடம் கயிற்றை நீட்டி, "உன் நிலத்தை எழுதித் தருகிறாயா?" என்று கேட்டால் அவன் ஒப்பத்தான் செய்வான். அவ்வொப்புதலுக்கு விடுதலை என்று பெயரிட்டால் கொள்ளைக்கு என்ன பெயரிடுவது?

சரி, சரக்குச் சந்தையிலாவது இவர்கள் கூறும் தடையின்மை உண்டா? பஞ்சையே எடுத்துக்கொள்வோம். 2021 தொடக்கத்தில் ஒரு கண்டி, அஃதாவது 356 கிலோ பஞ்சின் விலை 50 ஆயிரம் உருபாவுக்கும் கீழே இருந்தது. 2022 மே மாதத்தில் அது ஓரிலக்கம் உருபாவைத் தாண்டியது. கரிசலில் பருத்தி விதைத்தவன், விளைந்ததை எப்போதோ விற்றுவிட்டான். பதுக்கியவனுக்கு ஆதாயம், நூல் வாங்கித் தறி ஓட்டியவனுக்கு இழப்பு. உலக மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்து தரும் நம் சத்திரப்பட்டித் தறிகாரனுக்கு, தன் புண்ணுக்குக் கட்டத் துணியில்லை. கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட வகைகள் 22. அவையும் பின்னர் 11 ஆகக் குறைக்கப்பட்டன. 'போட்டியிடு' என்று சொல்லிக் கைத்தறியை விசைத்தறியோடும், விசைத்தறியைப் பேராலையோடும் மோதவிட்டனர்.

இவ்வளவும் நமக்கு. தடையிலாச் சந்தையை உலகுக்குக் கற்பித்த அமெரிக்கா என்ன செய்தது? 2025 ஆகத்து 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி என்று ஆணையிட்டது. திருப்பூர் முதல் நம் ஊர் வரை ஏற்றுமதியை நம்பியிருந்த கைகள் நடுங்கின. அதே மாதத்தில் நடுவணரசு என்ன செய்தது? ஆலைகளுக்குக் கைகொடுப்பதாகச் சொல்லி, அயல்நாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை ஆண்டிறுதிவரை நீக்கியது. அடி அமெரிக்காவிடமிருந்து வந்தது. அதன் சுமை நம் பருத்தி உழவன் தோளில் இறங்கியது. வலியவனுக்கு வேலி, எளியவனுக்குத் திறந்த வெளி என்பதே இவர்தம் தடையின்மை.

இக்கோட்பாடு மக்கள் இசைவோடு மட்டுமே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த அலெண்டே ஆட்சியைப் படைத்தலைவன் பினோச்சே கவிழ்த்தான். தொழிலாளர் தலைவர்கள் சிறைப்பட்டனர், கொல்லப்பட்டனர். அதன் பின்னரே பிரீடுமனின் மாணவர்கள் அங்குத் தடையிலாச் சந்தையைக் கட்டினர். சந்தைக்கு விடுதலை, வாய்க்குப் பூட்டு!

ஈழத்தை நினையுங்கள். 1977இல் செயவர்த்தனா ஆட்சி 'திறந்த பொருளியல்' என்று கதவைத் திறந்தது. அதற்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து உழவர் வெங்காயமும் மிளகாயும் விளைத்துத் தலைநிமிர்ந்திருந்தனர். கதவு திறந்ததும் அயல்நாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து குவிந்தன. அவர்தம் வேளாண்மை நொடித்தது. 1980 சூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் பணியாளர் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். 1983 சூலையில் தமிழர் குருதி ஓடியது. இனவெறிக்கு வேறு பல வேர்கள் உண்டு. சந்தைதான் அதனைப் பெற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறந்த சந்தை வந்தால் இனப்பகை தானே அடங்கும் என்போர்க்கு அந்த ஆறாண்டுகளே மறுமொழி.

தோழர்களே! நாம் இன்று துய்க்கும் எந்த உரிமையும் சந்தை தானே கனிந்து தந்ததன்று. 1908இல் தூத்துக்குடிப் பவள ஆலையில், வெள்ளை முதலாளிக்கு எதிராக வ.உ. சிதம்பரனார் வேலைநிறுத்தம் நடத்தினார். கூலி உயர்ந்தது; வேலைநேரம் குறைந்தது; கிழமை விடுமுறை கிடைத்தது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்த கையும், ஆலைத் தொழிலாளியின் கையைப் பற்றித் தூக்கிய கையும் ஒரே கை! 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மேநாளைக் கொண்டாடினார். 1931இல் பெரியாரின் 'குடியரசு' பொதுவுடைமை அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. 1946 சனவரி 8 அன்று கோவைச் சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் தூக்குக் கயிற்றை ஏற்றனர். தஞ்சையில் சீனிவாசராவ் தலைமையில் செங்கொடி ஏறிய பின்னரே பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. அவர்கள் கேட்டது கூலியாகச் சிறிது நெல் கூடுதல்! வெளியூர் ஆளைக் குறைந்த கூலிக்குக் கொணர்வது எங்கள் உரிமை என்றனர் நிலக்கிழார்கள். அதுவும் சந்தை உரிமைதான். அது தீயில் சென்று முடிந்தது.

பழங்கதை என்று எண்ண வேண்டா. சிங்காரவேலரின் மேநாளுக்கு நூறாண்டு நிறையப் பத்து நாள் இருந்தபோது, 2023 ஏப்பிரல் 21 அன்று, நம் சட்டமன்றத்திலேயே நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டவரைவு நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன, மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே முதல் நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதை நிறுத்தியது சந்தையின் கண்ணுக்குத் தெரியாத கையா? இல்லை, கண்ணுக்குத் தெரிந்த உங்கள் கைகள்! ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடுவணரசு 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி நடைமுறைக்குக் கொணர்ந்தது. முன்பு 100 பேர் பணிபுரியும் ஆலையை மூட அரசின் இசைவு வேண்டும். அவ்வெண் இப்போது 300 ஆக்கப்பட்டுள்ளது. நம் பகுதியின் சிற்றாலைகளில் எத்தனைக்கு 300 பேர் உள்ளனர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"உங்கள் பொதுவுடைமைதான் 1991இல் உருசியாவில் வீழ்ந்துவிட்டதே!" என்று கேட்பர். இதற்கு மழுப்பாமல் விடையிறுப்போம். சோவியத்து நாட்டில் பிழை நடந்தது, பெரும்பிழை நடந்தது. கட்சி மக்களுக்கு மேல் ஏறி அமர்ந்தது. தாலின் காலத்தில் பல இலக்கம் பேர் குற்றமின்றிக் கொல்லப்பட்டனர். தேசிய இனங்களுக்குப் பிரிந்து செல்லும் உரிமையை ஏட்டில் எழுதிவிட்டு, நடைமுறையில் உருசிய மொழியையே மேலேற்றினர். மொழியுரிமைக்காக நிற்கும் நாம் இதனை மறைக்கக் கூடாது. ஆனால் எழுத்தறியாப் பெருந்திரளை ஒரு தலைமுறையில் கற்க வைத்ததும், இட்லரின் படையை முறித்ததும், 1961இல் மாந்தனை முதன்முதலாக விண்ணுக்கு ஏற்றியதும் அதே நாடே. கட்டியவன் பிழையால் ஒரு வீடு சரிந்தது என்பதற்காக, மாந்தனுக்கு வீடே வேண்டா, வெயிலில் கிட என்போமா?

பொதுவுடைமை எங்கோ அயல்நாட்டிலிருந்து வந்ததென்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். நோயுற்ற பிள்ளைக்குப் பால். வலிய மகனுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை. உழைக்க இயலாத பாட்டிக்கு முதல் பிடிச் சோறு. எந்தத் தாயும் சோற்றுக்கு விலைப்பட்டியல் எழுதுவதில்லை. இயன்றதைச் செய்வதும் வேண்டியதைப் பெறுவதும் வீட்டுக்குள் இயலுமெனின், நாட்டுக்குள் இயலாதென்பது இயற்கையன்று, சிலரின் வசதி. இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்பது உலகின் அமைப்பாயின், அமைத்தவனையே சினந்த வள்ளுவர் மரபில் வந்தவர் நாம். நல்லவர் ஈந்தால் அது கொடை. உழைத்தவன் உரிமையோடு பெற்றால்தான் அது அறம்.

தமிழ்த் தொண்டும் பொதுவுடைமையும் பகையல்ல. மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் உணர்வில் தோய்ந்து, சீவானந்தம் தம் பெயரை 'உயிர் இன்பன்' என்று மாற்றிக்கொண்ட காலம் உண்டு. நம் விருதுநகரின் சங்கரலிங்கனார், தமிழ்நாடு என்னும் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 சூலை 27 முதல் உண்ணாதிருந்து அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். காங்கிரசில் வளர்ந்த அவர், தம் உடலைப் பொதுவுடைமைக் கட்சியினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விரும்பினார். மாநிலங்களவையில் அப்பெயருக்காக 1961இல் சட்டவரைவு கொணர்ந்த பூபேசு குப்தா வங்காளி, பொதுவுடைமையர்.

அவ்வாறாயின் இரு திறத்தாரும் ஏன் விலகி நிற்கின்றனர்? இரு பக்கமும் குறை உண்டு. பொதுவுடைமை நண்பர்கள், தறிகாரனுக்கு விளங்காத வடசொல் மலைகளை அவன்முன் அடுக்கினர். மொழியுரிமையைப் பின்னிருக்கைக்குத் தள்ளினர். நாமோ, பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை கண்டு கொதித்தோம். அப்பலகைக்குப் பின்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணைக் காணவில்லை. கூலியில்லாத் தமிழ் வெறும் அலங்காரம். தமிழில்லாக் கூலிப்போர் ஊமையின் கையசைப்பு.

'நடக்கக் கூடியதைச் சொல்லுங்கள்' என்பீர்கள். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எண்ணுங்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கேட்டுப் பெற்றது எந்தத் தனி முதலாளியும் அல்லன்; பால் கறப்போரின் கூட்டுறவு அமைப்பு. அப்பெயர் ஒருவனின் சொத்தன்று. அவ்வூர் செய்வோர் அனைவரின் பொதுச்சொத்து. இது புரட்சியன்று, ஒரு விதை மட்டுமே. ஆனால் பொதுவுடைமையும் வாணிகமும் சேராது என்போர் வாயில் அந்த இனிப்பைக் கொஞ்சம் ஊட்டுங்கள்! நாம் கேட்பதும் அதன் வழிப்பட்டதே. நெசவாளர் கூட்டுறவுகளை மக்கள் கையில் ஒப்படையுங்கள். மூடிய கூட்டுறவு நூற்பாலைகளைத் திறந்து, தறிகளுக்கு நேர்விலையில் நூல் கொடுங்கள். எட்டு மணி நேரத்தைத் தொடாதீர்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஆலை விதிகள் அனைத்தும் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் இருக்கட்டும். விளங்காத மொழியில் இட்ட கையெழுத்து உடன்பாடு ஆகாது.

அந்த மாணவியை அண்மையில் கண்டேன். இப்போது அவள் மகள் பத்தாம் வகுப்பு. "இவ மேல படிப்பாங்கய்யா, யாரு என்ன பேரு வச்சுக்கிட்டு வந்தாலும் அனுப்ப மாட்டேன்" என்றாள். எந்தப் பல்கலைக்கழகமும் தராத பொருளியல் அறிவு அது. ஆனால் ஒரு தாயின் உறுதியை மட்டும் நம்பி ஒரு நாடு இருக்கலாகாது. அவள் கூலி உயர வேண்டும். இல்லையேல் வறுமை அவ்வுறுதியையும் விலைபேசும்.

ஆசிரியர்களே, சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள். அதற்குள் இருக்கும் பொருளையும் சொல்லுங்கள். தொழிலாளத் தோழர்களே, உங்கள் உழைப்பை விற்கிறீர்கள். உங்கள் மொழியையும் ஒற்றுமையையும் விற்றுவிடாதீர்கள். சந்தை மாந்தனுக்காகட்டும், மாந்தன் சந்தைக்காக வேண்டா!

உழைப்பு வெல்க! பொதுமை வெல்க! தமிழ் வெல்க!